வெள்ளிக்கிழமை ஒட்டுகள்

ஜூலை 25, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. களப்புக் கடலோரத்து மணல் முழுக்க எங்கள் பொயிலர் யாட்டுக்குள். வெல்டிங் நடக்கிற இடத்தைச் சுற்றித் தறப்பாள் கட்டச் சொன்னேன். கட்டினார்கள். காற்று அவிழ்த்தது. மறுபடி கட்டினார்கள். தலவில வேதக்கோயில் திருவிழாவுக்குப் போகிற பஸ்கள் தொடங்கிவிட்டன. ஒவ்வொன்றும் ரோட்டில் போகும்போது ஒரு பாட்டு, பிறகு தூசி.

கீழ்க் கடைவாய்ப் பல் வலி. கராம்பு வைத்துக் கடித்துக்கொண்டு வேலை.

கொழும்பிலிருந்து எக்ஸ்ரே படங்கள் வந்தன. கறுப்புத் துணி கட்டிய என் சின்ன அறைக்குள் இருந்து விளக்குப் பெட்டியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். இதுதான் என் பிழைப்பு. இவர்கள் இரும்பை ஒட்டுவார்கள், நான் அதற்குள் குற்றம் தேடுவேன். யாட்டில் என் பெயர் ஜெசிந்தா இல்லை, எக்ஸ்ரே மிஸ். வந்து எட்டு மாதம். என்னைக் கண்டால் இன்னும் கதை பாதியில் நிற்கும்.

பாதிக்கு மேல் பார்த்த பிறகு ஒரு படத்தில் கறுப்புக் கோடு. நேராக, மெல்லிசாக, பென்சிலால் கீறினது மாதிரி. உருகின இரும்பு பக்கத்து இரும்போடு சேரவில்லை. மேலே பார்த்தால் வடிவான ஒட்டு. உள்ளே இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. நீராவி ஏறினால் அந்த இடத்தால்தான் கிழியும்.

ஒட்டி முடித்தவுடன் வெல்டர் தன் நம்பரைப் பக்கத்தில் இரும்பிலேயே அடித்துவிட வேண்டும். இதில் இருந்த நம்பர் 14. நிஸ்தார்.

அவனுக்கு இது மூன்றாவது. மூன்று விழுந்தால் வெல்டர் லைசன்ஸ் காட் ரத்து. அந்தக் காட் இல்லாமல் இந்த யாட்டில் மட்டுமல்ல, எந்த யாட்டிலும் வெல்டிங் ரொட் பிடிக்க விடமாட்டார்கள்.

மனேஜர் சேரிடம் போய்ச் சொன்னேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. சிங்களத்தில், "சனிக்கிழமைக்குள் ரிப்போட்டை எழுதித் தாருங்கள் மிஸ், ஆளை அனுப்பிவிடலாம்." ஏதோ பழுதான சாமானைக் கடைக்குத் திருப்பி அனுப்புவது மாதிரி.

நல்ல பையன். பகிடி விடுகிறவன். ஒட்டுக்கு மேல் இருக்கிற கசடைத் தட்டும்போது பாட்டுப் படிக்கிறவன். மனது சரியில்லை.

ஜூலை 26, செவ்வாய்

வாங்க: பருப்பு, மண்ணெண்ணெய், சவர்க்காரம், கராம்பு (திரும்பவும்). ஜூட்டின் மீன் லொறிக்கு ஐஸ் பெட்டி மூடிக் கொக்கி.

காலையில் அந்த ஒட்டை நேரில் போய்ப் பார்த்தேன். ட்ரம்முக்கு மேலே ஏணி வைத்து, டோர்ச் அடித்து. இந்த ட்ரம் சிலாபம் பக்கத்துத் தேங்காய்த் துருவல் மில் ஒன்றின் பொயிலருக்கு. போன மாதம் அளவெடுக்க அங்கே போயிருந்தேன். பொயிலர் அறைக்கும் பெண்கள் இருந்து தேங்காய்த் தோல் சீவுகிற மண்டபத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கல் சுவர். ஒரு அக்கா செம்பில் இளநீர் கொண்டுவந்து தந்து, "எங்கட புதுப் பொயிலர் நல்லதா வருமா தங்கச்சி?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

டோர்ச்சைச் சரித்துப் பிடித்தேன். ஒட்டின் மேல் அலை அலையாக வரி இருக்கும். கை போன திசையை அந்த அலை காட்டிக்கொடுக்கும். வலக்கைக்காரன் ஒரு பக்கமாக இழுப்பான், இடக்கைக்காரன் மற்றப் பக்கமாக. நிஸ்தார் வலக்கை. இந்த அலை திரும்பிக் கிடக்கிறது.

இறங்கி ஏறி மூன்று தரம் பார்த்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தன், "மிஸ், மேல ஏதும் சாப்பாட்டுக் கடை தெறந்திருக்கா?" என்றான்.

யாட்டில் இடக்கைக்காரர் ஒருவர்தான். நம்பர் 3, எத்தாளை ஊர் சேவியர் அண்ணன். என் வீட்டுக்காரர் ஜூட்டின் பெரியம்மா மகன். எங்கள் கலியாணத்தில் ஜூட்டுக்கு மாப்பிள்ளைத் தோழன். இந்த வேலை காலியாக இருக்கிறது என்று வீடு தேடி வந்து சொன்னதும் அவர்தான்.

பிளேன்டீ நேரத்தில் நிஸ்தாரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இந்த ஒட்டு நீங்க போட்டதா?"

"என்ட நம்பர்தானே மிஸ் அடிச்சிரிக்கி."

"நம்பரைக் கேக்கேல்ல. கையைக் கேக்கிறன்."

சிரித்தான். "அல்லாஹ் அறிய மிஸ், என்ட கை ரெண்டும் இங்கதான் இரிக்கி." கையை விரித்தும் காட்டினான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனான்.

பல்: அதே.

ஜூலை 27, புதன்

காற்று குறைவு. புழுக்கம்.

இன்று நான் செய்த பிழை ஒன்று. ஒரு விஷயம் தெரிந்ததும் அந்தப் பிழையால்தான்.

சேவியர் அண்ணனை என் அறைக்குக் கூப்பிட்டேன். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருந்தார். இந்த அறைக்குள் அவர் வருவது முதல் தடவை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குள் இருக்கிற மாதிரி இருந்தார். எனக்கே சங்கடம்.

"அண்ணன், நிஸ்தாரின்ட ஒட்டு ஒண்டு விழுந்திருக்கு. இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பேச்சுக் கொடுத்துப் பார்க்கத்தான் கூப்பிட்டேன். நம்பர் 14 படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் வைத்தேன். அவர் குனிந்து கிட்டப் போய்ப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சரித்தார், மற்றப் பக்கம் சரித்தார்.

"ஓம் ஓம். அந்தா. கறுப்புக் கோடு. நல்லா விளங்குது மிஸ்."

விரலையும் வைத்துக் காட்டினார்.

அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். வைத்தது அந்தப் படமே இல்லை. அவசரத்தில் பக்கத்து உறையை உருவியிருக்கிறேன். பெட்டியில் கிடந்தது சுத்தமான படம். கோடு என்று ஒன்றுமே இல்லை.

சரி அண்ணன் என்று படத்தை உறைக்குள் போட்டேன். அவரும் எழும்பி, தொப்பியைப் போட்டு, வாசலில் கட்டியிருந்த கறுப்புத் துணியைக் கையால் தடவித்தடவி விலக்கிக்கொண்டு போனார். இருட்டறைக்குள் எல்லாரும் அப்படித்தான் தடவுவார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அந்த விளக்கை நிற்பாட்டாமலே இருந்தேன்.

பின்னேரம் ஒரு வேலையும் ஓடவில்லை. பல்லுக்குப் பனடோல்.

ஜூலை 28, வியாழன்

நிஸ்தார் தானாக வந்தான். தண்ணீர்ப் பைப்படியில், நான் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது.

"மிஸ், சேவியர் அண்ணனைக் கூப்பிட்டீங்களாமே."

"ஓம்."

"அவர்ட்ட ஒண்டும் கேக்க வேணாம். என்னட்டக் கேளுங்க."

கேட்டேன். சொன்னான். நான் வருவதற்குப் பல வருஷம் முதலே நடக்கிறதாம். தடித்த இரும்பை முதலில் சூடாக்கிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். தொடங்கினால் முடியும் வரை ஆற விடக்கூடாது, ஆறினால் உள்ளே வெடிக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகிறவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. அதனால் அவர்கள் பள்ளிக்குப் போனதும், சேவியர் அண்ணன் மாதிரி வேதக்கார ஆட்கள், கிறிஸ்தவர்கள், வந்து மிச்சத்தை முடிப்பார்கள். முடித்துவிட்டு, பள்ளிக்குப் போனவனுடைய நம்பரையே அடிப்பார்கள். இடையில் எழும்பிப் போனான் என்று மேலே தெரியக்கூடாதாம். திருவிழா வந்தால், ஞாயிறு வேலை வந்தால் மறுபக்கம். முஸ்லிம் ஆட்கள் போடுவார்கள், வேதக்காரருடைய நம்பரை அடிப்பார்கள். ஒருத்தரும் ஒருத்தருக்கும் இதைச் சொல்லிக் காட்டியதில்லையாம்.

கேட்கக் கேட்க எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு நிறைந்தது. மற்றப் பக்கம் ஆத்திரம் வந்தது. இவ்வளவு நல்ல மனுசர், இவ்வளவு பெரிய முட்டாள்தனம்! நம்பர் அடிக்கிறது எதற்கு? யாருடைய கை என்று தெரிய. அதையே மாற்றி வைத்திருக்கிறார்கள், அன்பால்.

"முதல் விழுந்த ரெண்டும்?"

"அதுவும் வெள்ளிக்கிழமைதான்."

"அவருக்குக் கண் தெரியேல்ல, தெரியுமா உங்களுக்கு?"

பைப்பை இறுக்கிப் பூட்டினான். ஏற்கனவே பூட்டின பைப்.

"போன வருஷம் தொட்டு. வலக் கண் முழுசா மங்கல். மத்தது அரைவாசி." பிறகு, "எழுதாதீங்க மிஸ். என்ட காட் போனா நான் இன்னொருக்காச் சோதனைக்கு இரிந்து எடுப்பன். எனக்கு வயசிரிக்கி. அவர்ட கண் கதை வெளிய வந்தா அவருக்கு அதோட முடிஞ்சி."

"தேங்காய் சீவுற பொம்பளையளுக்கு?"

கையை உதறிக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். 

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். இந்தப் பழியை வாங்கினவனே விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறான்.

வீட்டில் ஜூட்டிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. லொறி கழுவிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார்.

"நீ எழுதாட்டி ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அண்ணன் இல்லாட்டி உனக்கு இந்த வேலையே இல்ல, ஜெசி."

"ஓம். அந்த வேலையைத்தான் செய்யிறன்."

 மீன் குழம்பு நல்லாக இருந்தது, இரண்டு பேரும் சொல்லவில்லை. எனக்கு வலது பக்கத்தால் மெல்லவே முடியாது, இடது பக்கத்தால் சாப்பிட்டேன்.

ஜூலை 29, வெள்ளி

காற்று திரும்பவும்.

பன்னிரண்டு மணிக்கு நிஸ்தார் கையுறையைக் கழற்றினான். மற்ற முஸ்லிம் ஆட்களும் குளித்து, தொப்பி போட்டு, கேற் வழியால் போனார்கள். பாதி ஒட்டு சூடாகக் கிடக்கிறது. ஒரு நிமிஷம் ஒருத்தரும் அசையவில்லை, நான் நின்றபடியால். பிறகு சேவியர் அண்ணன் வந்தார். வெல்டிங் மூடியை இறக்கி, ரொட்டைக் கொழுவி, குந்தினார். இடக்கை.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மிஸ், கொஞ்சம் அங்கால நில்லுங்க. நிழல் விழுது."

உச்சி வெயில். என் நிழல் என் காலடியில்.

"அண்ணன், வேணாம். விடுங்க."

"ஆறிப் போகும்."

"நான் ஆற விடமாட்டன்."

மூடியைத் தூக்கினார். என்னைப் பார்த்தார், அல்லது நான் நின்ற பக்கத்தைப் பார்த்தார். "என்ட கைக்குக் கண் தேவையில்ல மிஸ். இத்தின வருஷம் போட்ட கை." கோபமாகச் சொல்லவில்லை. கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தெரியும். ஆனா படத்தில கோடு இருந்துது அண்ணன். நீங்க காட்டின படத்தில இல்ல. மத்தப் படத்தில."

விளங்கிக்கொண்டார். முகம் அப்படியே விழுந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ரொட்டை இடுக்கியிலிருந்து கழற்றி, நிலத்தில் எறியாமல், மற்ற ரொட்டுகளோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார்.

சூடாக்குகிற காஸ் விளக்கை எடுத்து நான் பிடித்தேன். நிஸ்தார் ஜும்ஆ முடிந்து வரும் வரை. புருவ மயிர் கொஞ்சம் கருகினது. யாட்டே வேடிக்கை பார்த்தது. ஒருத்தன், "மிஸ், அப்பிடியே ஒரு ரொட்டி போடுங்க" என்றான். நல்லகாலம், சிரிக்க முடிந்தது.

பின்னேரம் மனேஜரிடம்: "சேர், விழுந்த ஒட்டில் இரண்டு பேருடைய கை இருக்கிறது. யாரையும் அனுப்ப முதல் நாளைக்கு எனக்குச் சோதனைத் தகடு வேண்டும். நிஸ்தாருக்கும் சேவியருக்கும்."  "நம்பர் மாற்றி அடிக்கிறார்களா?" என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பேனையை மேசையில் தட்டினார். சரி என்றார்.

பயமாக இருக்கிறது. இரண்டு பேரும் போய்விடலாம். நான் உண்மையைச் சொல்லி ஒருத்தனைக் காப்பாற்றப்போய் இரண்டு வீட்டு அடுப்பை அணைத்தவளாக முடியலாம்.

ஜூலை 30, சனி

 ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையிலேயே இரண்டு தகடு வெட்டி மேசையில் வைத்தாயிற்று. மனேஜர் ஒரு கதிரை போட்டு இருந்தார், ஃபோனைப் பார்த்துக்கொண்டு. முதலில் நிஸ்தார். சேவியர் அண்ணன் தன் முறை வரும் வரை தறப்பாளுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

நிஸ்தார் தொடங்கினான். நல்ல தொடக்கம். ரொட் சரியான உயரத்தில் போனால் பப்படம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், விடாமல், ஒரே சீராக. அது வந்தது. எனக்கு மூச்சு வந்தது. இவன் தப்பிவிட்டான் என்று நினைத்தேன்.

பாதியில் சத்தம் மாறினது. பொரிகிறது நின்று, புஸ்ஸென்று காற்றுப் போகிற மாதிரி. ரொட்டைத் தூக்கிப் பிடிக்கிறான். தூக்கிப் பிடித்தால் காற்று உள்ளே போகும், ஒட்டு முழுக்க ஓட்டையாகும். வேலை பழகின முதல் கிழமையில் விடுகிற பிழை. அவன் கை தவறுகிற ஆள் இல்லை. வேண்டுமென்றே கெடுக்கிறான். இந்தத் தகடு விழுந்தால், விழுந்த மூன்று ஒட்டும் இவனுடையதுதான் என்று ஆகிவிடும். காட் போகும், கதை முடியும், அண்ணனை ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

மனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வாயைத் திறக்க முதல் தறப்பாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

"டேய்! ரொட்டை ஏன்டா தூக்கிறாய்?"

நிஸ்தார் நிற்பாட்டவில்லை. இன்னும் தூக்கினான்.

சேவியர் அண்ணன் தறப்பாளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நிலத்தில் கிடந்த கேபிள் தடுக்கி விழப்பார்த்து, மேசை விளிம்பைப் பிடித்து நிமிர்ந்து, கையால் தேடி அவன் தோளைப் பிடித்து இழுத்தார். வெளிச்சம் அணைந்தது.

"எனக்காகக் கெட்ட ஒட்டுப் போடாதடா. நான் போட்டதே போதும்."

நிஸ்தார் மூடியைத் தூக்கவில்லை. அதற்குள் அழுதிருக்கிறான். பிறகு மூடியைக் கழற்றினபோது பார்த்தேன்.

சேவியர் அண்ணன் மனேஜர் பக்கம் திரும்பி, சிங்களத்தில், நேராக நின்று சொன்னார். வெள்ளிக்கிழமைக் கதை, திருவிழாக் கதை, நம்பர் கதை, கடைசியில் கண் கதை. தன் நம்பர் அடிக்கிற அச்சைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "மிஸ், எழுதுங்க" என்று என்னிடம் தமிழில்.

எழுதினேன். எழுதும்போது என் கண்ணும் மங்கினதுதான்.

மனேஜர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார். வயிற்றெரிச்சலில் இருப்பவர் மாதிரி முகம். கடைசியில், "அந்தப் பையனுக்கு இன்னொரு தகடு கொடுங்கள்." கொடுத்தோம். போட்டான். சத்தத்திலேயே தெரிந்தது. பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் பார்த்தேன். பாஸ்.

வெளியே வரும்போது நிஸ்தார் என்னிடம், "நான் கேட்டனா மிஸ் உங்களட்ட?" என்றான். கோபமாகத்தான்.  அவனுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது.

ஜூலை 31, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் நீளம், மின்விசிறி வேலை செய்யவில்லை.

ஜூட் காலையிலேயே எத்தாளைக்குப் போய்விட்டார். என்னைக் கூப்பிடவில்லை. மத்தியானம் வந்து, கையில் ஒரு பொட்டலம் கருவாடு, அண்ணி தந்ததாம். குசினி வாசலில் நின்று சொன்னார்:

"அண்ணன் உன்னோட கோவமில்ல."

"வேற?"

"பயம். கண்ணுக்குள்ள கத்தி வைப்பாங்க எண்டு ஆரோ சொல்லியிருக்கிறாங்க. அதுதான் இவ்வளவு நாளும் போகேல்ல."

கண்ணில் பூ விழுந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. எத்தனையோ பேர் வெட்டிக்கொண்டு வந்து பேப்பர் வாசிக்கிறார்கள். இதற்குப் பயந்தா ஒரு வருஷம் குருட்டுக் கண்ணால் பொயிலருக்கு ஒட்டுப் போட்டார்? சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. சிரிக்கப் போக பல் இழுத்தது. பல் டொக்டரிடம் போகாமல் ஒரு மாதமாகக் கராம்பு கடிக்கிறவள் நான்தான். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூட் கருவாட்டைப் பொரிக்கச் சொல்லவில்லை, அவரே பொரித்தார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓகஸ்ட் 1, திங்கள்

மனேஜரின் தீர்ப்பு, நோட்டிஸ் பலகையில் மூன்று மொழியில், தமிழில் எழுத்துப்பிழையோடு:

- வெள்ளிக்கிழமை காலையில் தடித்த ஒட்டு எதையும் தொடங்கக் கூடாது.
- நம்பர் மாற்றி அடித்தால் இனி இரண்டு பேரும் வெளியே.
- சேவியரின் நம்பர் கண் டொக்டரின் கடிதம் வரும் வரை மூடி வைக்கப்படும். அதுவரை சாமான் அறையில் வேலை.
- நிஸ்தார், பழையபடி.

முதலாவது எவ்வளவு லேசான விஷயம். இதை இத்தனை வருஷமும் ஒருத்தரும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பார்கள் என்ற பயம். பயந்தவர்களையும் பிழை சொல்ல ஏலாது.

இனி மிச்ச வேலை. ட்ரம் முழுக்க யார் யார் கை என்று எனக்குத் தெரிய வேண்டும். சேவியர் அண்ணன் போட்ட ஒவ்வொன்றையும் திரும்பப் படம் எடுக்க வேண்டும், கறுப்புக் கோடு இருந்தால் வெட்டி எடுக்க வேண்டும். இரும்பில் அடித்த நம்பர்களை இனி நம்ப முடியாது. ஒரு பெட்டி வெண்கட்டியை வைத்துவிட்டு, "அவரவர் போட்டதில் அவரவர் பெயரை எழுதுங்கள், ஒருத்தரையும் ஏசமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன். நின்றால் வரமாட்டார்கள்.

துணி இடுக்கால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அது என்டது."

"போடா, உன்டதா? பெருநாள் அண்டைக்கு நான்தான் போட்டன். நீ வட்டிலப்பம் கொண்டாந்து தந்தாய், மறந்திட்டியா?"

"ஓ, ஓ. அப்ப எழுது."

"இது ஆர்ட? இவ்வளவு கேவலமா?"

"உன்ட மச்சான்ட."

பின்னேரம் போய்ப் பார்த்தேன். ட்ரம்மெல்லாம் பெயர். தமிழில், சிங்களத்தில், ஒருத்தன் அரபு எழுத்திலும். 9 என்று அடித்திருக்கிற இடத்தில் மரியான், 6 என்று அடித்திருக்கிற இடத்தில் ஃபாரூக். எல்லாரும் எல்லாருடைய இடத்திலும் இருந்திருக்கிறார்கள். தொழில்காரியாகப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அப்படிப் பார்க்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

சேவியர் என்று இன்னும் எழுதப்படாத ஒட்டுகள் மட்டும் வெறுமையாக.

ஓகஸ்ட் 4, வியாழன்

வெயில். காற்று அடியோடு இல்லை. திருவிழாச் சனம் ரோட்டில் நடந்தே போகிறது.

சேவியர் அண்ணன் செவ்வாய்க்கிழமை சிலாபத்துக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டார். ஜூட் லொறியில் கூட்டிக்கொண்டு போனார். வெட்டுவதற்குத் திகதி தந்துவிட்டார்கள். இன்று வந்து முதல் கதையே அதுதான். "கத்தி இல்லையாம் மிஸ், சின்ன ஊசி மாதிரி ஒண்டாம். நான் கண்ணுக்குப் போயிட்டன். இனி நீங்க பல்லுக்குப் போங்க." ஜூட் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

தன் ஒட்டுகளுக்குப் பெயர் எழுதத்தான் வந்தார். நிஸ்தார் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ட்ரம்மைச் சுற்றி வந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் கதை பழையபடி, நிஸ்தார் என்னோடு மட்டும் இன்னும் அளந்துதான். அண்ணன் ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "இது என்டது." எழுதினார். "இதுவும்." எழுதினார். சிலதில் விரல் நிற்கும், முகம் சுருங்கும், "இதை வெட்டி எடுங்க மிஸ், படம் எடுக்கத் தேவையில்ல" என்பார். எழுதுவார். பெரிய எழுத்து, வரி கோணல். எங்களுக்குத்தான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவர் ஒரு வேலையாகச் செய்துகொண்டு போனார்.

கடைசியில் அடிப்பக்கத்தில் ஒன்று. தடவினார். திரும்பத் தடவினார்.

"இது நான் போட்டதில்ல. இவ்வளவு வடிவா நான் போட்டுக் கன காலம்."

"உங்கடதான் அண்ணே" என்றான் நிஸ்தார். "பெருநாள் அண்டைக்கு. நான் வீட்ட. நீங்கதான் எனக்காகப் போட்டீங்க, மறந்திட்டீங்க."

"மெய்யாவா?"

"மெய்யா."

விரல் இன்னொரு சுற்றுப் போனது. அலை அவ்வளவு நெருக்கம், விரலுக்குத் திசை தெரியாது. முகம் முழுக்கச் சிரிப்பு. "அப்ப கண் கெட்டும் கை கெடேல்ல." பெயரை எழுதினார், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக. கையைத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கேற்றடிக்குப் போனார். நிஸ்தார் திரீவீலரில் ஏற்றிவிட்டு வந்தான்.

நான் அதற்குள் டோர்ச்சைச் சரித்து அலையைப் பார்த்துவிட்டேன். வலக்கை.

திரீவீலர் ரோட்டில் திரும்பிச் சத்தம் கேட்காமல் போகும் வரை நின்றேன். பிறகு ஈரத்துணியால் துடைத்தேன். சேவியர் என்ற எழுத்து லேசில் போகவில்லை, அழுத்தி எழுதியிருக்கிறார். வெண்கட்டியை நிஸ்தாரிடம் நீட்டினேன்.

வாங்கவில்லை. நான் கையை மடக்கவில்லை.

கடைசியில் வாங்கிக் குந்தி, தன் பெயரை எழுதினான். சின்னதாக.